தெரியாத கேள்விக்கு விடை போடலாமா?

எமது ஆலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடைபெறும் கணித வகுப்பில், சென்ற தவணை முடிவில் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சித் தாள் கொடுத்திருந்தோம். 40 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். சரியானதைத் தெரிந்து கோடிட வேண்டும். வகுப்பிலே கெட்டிக்காரி என்று சொல்லக்கூடிய பிள்ளை ஒருத்தி 11 வினாக்களை வெறுமையாக விட்டுவிட்டுத் தாளைத் தந்தாள். நேரம் போதவில்லையா என்று கேட்டோம். "நேரம் இருந்தது சேர். ஆனா தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிப் போடுறது பொய் எண்டு அம்மம்மா சொன்னவ" என்றாள்.

அதற்கு முதல்நாள் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும்போது ஓர் அக்கா எம்மிடம் வேறொரு கதை சொல்லியிருந்தார். அவர் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதற்காக எழுதவேண்டிய 'லைவ் இன் த யூகே' சோதனையில் இரண்டு தடவை தவறிவிட்டார். ஒவ்வொரு தடவையும் 50 பவுண். பணம் போனது ஒரு பக்கம். வடமராட்சியில் அவருடைய தாயாருக்கு 80 வயது தாண்டிவிட்டது. அகதிக்குக் கொடுக்கப்படும் பயணப் பத்திரத்தில் மற்ற நாடுகளுக்குப் போகலாம், இலங்கைக்குப் போக முடியாது. பிரித்தானியக் கடவுச்சீட்டு கையில் வந்தால்தான் தாயாரின் முகத்தைப் பார்க்கலாம். "தெரியாததுகளை நான் தொடேல்லைத் தம்பி. பிழையாப் போட்டா உள்ள புள்ளியையும் வெட்டிப்போடுவினம் எண்டு பயம்" என்றார்.

அந்தச் சோதனையில் பிழையான விடைக்குப் புள்ளி வெட்டுவதில்லை. அக்காவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

சிறுபிள்ளைக்கும் அக்காவுக்கும் வந்த சிக்கல் ஒன்றுதான். ஆகவே இம்முறை இப்பக்கத்தில் நிகழ்தகவு என்னும் சிறிய கணக்கைப் பற்றிப் பார்ப்போம். ஊரில் உயர்தரத்தில் இதைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வாசித்துக் காட்டவும். கணக்கு எந்த மொழியிலும் கணக்குத்தான்.

ஒரு காசைச் சுண்டினால் தலை விழலாம், பூ விழலாம். இரண்டுக்கும் சமவாய்ப்பு. ஆகவே தலை விழுவதற்கான நிகழ்தகவு 1/2. தாயக்கட்டை அல்ல, ஆறு முகமுள்ள சாதாரண கட்டையை உருட்டினால் 4 விழுவதற்கு 1/6. எமது பெரியோர் பிள்ளையார் சந்நிதியில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு, குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். அதன் நம்பிக்கையை நாம் இங்கே விசாரிக்க வரவில்லை. குழந்தையின் கையில் வெள்ளைப் பூ வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டால், பாதிக்குப் பாதி.

நான்கு விடைகளில் ஒன்றுதான் சரி, எமக்கு ஒன்றுமே தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொடுகிறோம் என்றால் அது சரியாக வருவதற்கு 1/4. பிழையாக வருவதற்கு 3/4. இப்படி 40 வினாக்களுக்கும் செய்தால் சராசரியாக 10 சரிவரும். இந்த 10 ஐப் பெற்றோர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் திரும்பி வருவோம்.

எமது மாணவி வெறுமையாக விட்டவை 11. கண்ணை மூடிக் கோடிட்டிருந்தாலே சராசரியாக 11 இன் காற்பங்கு, அதாவது இரண்டே முக்கால் புள்ளி வரும். ஒன்றுகூடச் சரிவராமல் போவதற்கு 3/4 ஐப் பதினொரு தடவை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 4 சதவீதம். அப்படியென்றால் ஒன்றாவது சரிவருவதற்கு 96 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. எமது தொழில் கணக்கு வழக்கு என்பதால் இதை இலாப நட்டக் கணக்காகவே பார்க்கத் தோன்றுகிறது. பிழைக்குப் புள்ளி வெட்டாத சோதனையில் செலவுப் பக்கம் பூச்சியம், வரவுப் பக்கம் இரண்டே முக்கால். செலவில்லாத வரவை வேண்டாம் என்று விடுகிற வியாபாரியை நாம் எங்கும் கண்டதில்லை.

எல்லா வினாக்களும் நான்கில் ஒன்று அல்ல. அக்காவின் சோதனையில் சரியா பிழையா என்று கேட்பவையும் உண்டு; அங்கே வாய்ப்பு 1/2. நான்கில் இரண்டைத் தெரிவு செய்க என்பவையும் உண்டு. அதற்குச் சிலர் 2/4, ஆகவே பாதி என்கிறார்கள். அது பிழை. அ, ஆ, இ, ஈ என்று நான்கு இருந்தால் சோடிகளை எழுதிப் பாருங்கள்: அஆ, அஇ, அஈ, ஆஇ, ஆஈ, இஈ. மொத்தம் ஆறு சோடி, அவற்றில் ஒன்றுதான் சரி. வாய்ப்பு 1/6. நான்கில் ஒன்றைவிட இது கடினம்.

இனி, நாம் படித்த காலத்து ரியூசன் மண்டபங்களில் உலாவிய ஒரு வாக்கு. "தெரியாட்டி எல்லாத்துக்கும் மூண்டைப் போடு." இங்குள்ள பிள்ளைகள் அதையே 'சீ' என்று சொல்கிறார்கள். நாடு மாறியும் நம்பிக்கை மாறவில்லை! இதில் ஏதும் உண்டா? 40 வினாக்களில் நான்கு இலக்கங்களும் பத்துப் பத்தாகப் பகிரப்பட்டிருந்தால், எல்லாவற்றுக்கும் 3 போட்டவருக்குச் சரியாக 10 கிடைக்கும். மாறி மாறிப் போட்டவருக்கு ஒருநாள் 7, ஒருநாள் 13, சராசரி அதே 10. ஆகவே 3 இல் ஒரு தனி மகிமையும் இல்லை. இதற்கு உறவான இன்னொரு மயக்கமும் உண்டு: "தொடர்ந்து மூன்று வினாவுக்கு 2 வந்துவிட்டது, நாலாவதும் 2 ஆக இருக்காது" என்று, தெரிந்த விடையை அழித்து மாற்றுவது. மூன்று முறை தலை விழுந்த காசுக்கு அது ஞாபகத்தில் இருப்பதில்லை. தெரிந்த விடையை இலக்கத்தின் அழகுக்காக மாற்றவே கூடாது.

இதுவரை சொன்னது கண்ணை மூடிக்கொண்டு தொடுவதைப் பற்றி. உண்மையான இலாபம் அதில் இல்லை, கண்ணைத் திறந்து தொடுவதில்தான் இருக்கிறது. அக்காவின் சோதனையையே எடுத்துப் பார்ப்போம்.

அதில் 24 வினாக்கள், 45 நிமிடம். சித்தியடைய 75 சதவீதம், அதாவது 18 சரியாக வேண்டும். ஒருவருக்கு 16 வினாக்கள் நிச்சயமாகத் தெரியும், 8 தெரியாது என்று வைத்துக்கொள்வோம். கணக்குச் சுலபமாவதற்காக எல்லாமே நான்கில் ஒன்று என்று கொள்வோம்.

எட்டையும் தொடாமல் விட்டால் 16. நிச்சயமான தோல்வி, இதில் வாய்ப்பு என்ற பேச்சே இல்லை.

எட்டையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், குறைந்தது இரண்டு சரிவர வேண்டும். ஒன்றுமே சரிவராத நிகழ்தகவு, 3/4 ஐ எட்டுத் தடவை பெருக்க வருவது: 10 சதவீதம். சரியாக ஒன்று மட்டும் வருவது: அந்த ஒன்று எட்டு இடங்களில் எந்த இடத்திலும் இருக்கலாம், ஆகவே 8 ஐ 1/4 ஆல் பெருக்கி, அதை 3/4 இன் ஏழு தடவைப் பெருக்கத்தால் பெருக்க வேண்டும்: 27 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 37. மிகுதி 63 சதவீதம் சித்தி. ஒன்றும் தெரியாத எட்டு வினாக்களைத் தொட்டதனாலேயே தோல்வி நிச்சயம் என்ற இடத்திலிருந்து 63 சதவீதத்துக்கு வந்துவிட்டார்.

இப்போது அந்த எட்டிலும், நான்கு விடைகளில் ஒன்று நிச்சயமாகப் பிழை என்று அவருக்குத் தெரிகிறது. மிஞ்சுவது மூன்று, வாய்ப்பு 1/3. அதே கணக்கைச் செய்தால் 80 சதவீதம். இரண்டு பிழை என்று தெரிந்து, மிஞ்சிய இரண்டில் ஒன்றைத் தொடுகிறார், வாய்ப்பு 1/2. இம்முறை சித்தி 96 சதவீதம்.

0, 63, 80, 96. இந்த நான்கு எண்களையும் கடதாசியில் எழுதி அக்காவிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு இடத்திலும் நிற்பவர் ஒரே ஆள். நிச்சயமாகத் தெரிந்தவை நாலு தரமும் 16 தான். கூடியது, தெரியாதது என்று தள்ளிவிட்ட வினாக்களுக்குள்ளே கிடந்த அரைகுறை அறிவைப் பயன்படுத்தியது மட்டுமே.

அரைகுறை அறிவு என்றால் என்ன? லண்டனைப் பெருந்தீ அழித்தது எந்த ஆண்டு என்று ஒரு வினா, விடைகள் 1066, 1666, 1805, 1945 என்று வைத்துக்கொள்ளுங்கள். தீ எப்போது என்று ஞாபகம் வரவில்லை. ஆனால் 1066 நோர்மன்காரர் வந்த ஆண்டு என்று படித்திருக்கிறோம். 1945 இல் இரண்டாம் உலக யுத்தம் முடிந்தது என்று யாருக்கும் தெரியும். இரண்டு வெட்டுப்பட்டுவிட்டன. 1805 ட்ரபல்கர் கடற்போர் என்பதும் ஞாபகம் வந்துவிட்டால் 1666 தான் மிச்சம். தீயைப் பற்றி ஒன்றும் தெரியாமலே தீயின் ஆண்டைச் சொல்லிவிட்டோம். இது பொய்யா? தெரிந்ததைக் கொண்டு தெரியாததை நெருங்குவது என்றே நாம் சொல்வோம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வினா எடுப்பவர்கள் எம்மைவிடப் புத்திசாலிகள். அரைகுறையாகப் படித்தவர் விழுவதற்கென்றே ஒரு விடையை வைப்பார்கள். கணக்கில் ஒரு படியை மறந்தால் வருகிற எண், பெயரை மாற்றி ஞாபகம் வைத்திருந்தால் வருகிற பெயர் விடைகளுக்குள் இருக்கும். ஆகவே 'இது பார்த்த மாதிரி இருக்கிறது' என்பது வெட்டுவதற்கோ தெரிவதற்கோ காரணம் அல்ல. ஏன் வெட்டுகிறேன் என்று ஒரு வசனத்தில் சொல்ல முடியுமானால் மட்டும் வெட்டுங்கள்.

படிக்காமலே தொட்டுத் தொட்டுச் சித்தியடையலாமா என்று இளைஞர் ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டார். 24 ஐயும் கண்ணை மூடித் தொட்டு 18 எடுப்பதற்கு ஏறக்குறைய 26 இலட்சத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. இந்நாட்டு லொத்தரில் 59 எண்களில் ஆறும் பொருந்துவதற்கு 4 கோடியே 50 இலட்சத்தில் ஒன்று. லொத்தரைவிடத் திறமான வாய்ப்புத்தான்! ஆனால் ஒவ்வொரு முறையும் 50 பவுண், இடையில் 7 நாள் காத்திருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தை ஒரு மாதம் படிப்பது மலிவு.

புள்ளி வெட்டும் சோதனைகளும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. இங்கே மேல்வகுப்பு மாணவர் எழுதும் சீனியர் மத்ஸ் சலஞ்சில் 25 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். அதன் பழைய தாள்களை எடுத்துப் பாருங்கள்: எல்லோருக்கும் தொடக்கத்திலேயே 25 புள்ளி, சரியான விடைக்கு 4 கூடும், பிழையான விடைக்கு 1 குறையும், வெறுமைக்கு ஒன்றுமில்லை. ஏன் 4 உம் 1 உம்? கண்ணை மூடித் தொட்டால் ஐந்தில் ஒரு தடவை 4 வரும், ஐந்தில் நான்கு தடவை 1 போகும். வரவும் 4, செலவும் 4. ஐந்தொகை நூல் பிடித்தாற்போல் சமன். குருட்டுத்தனமாகத் தொடுபவனுக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று வேண்டுமென்றே வகுத்த கணக்கு அது. ஆனால் ஒரு விடையை வெட்ட முடிந்தால் மிச்சம் நான்கு. சராசரி வரவு கால் புள்ளி. இரண்டை வெட்டினால் மூன்றில் இரண்டு புள்ளி. ஆகவே அங்கும் விதி அதேதான்: ஒன்றையாவது காரணத்தோடு வெட்ட முடிந்தால் தொடு, முடியாவிட்டால் விட்டுவிட்டு மற்ற வினாவில் நேரத்தைச் செலவழி. அமெரிக்காவில் உள்ள எமது உறவுகளின் பிள்ளைகள் எழுதும் எஸ்.ஏ.ரி. சோதனையிலும் முன்பு ஐந்து விடை, பிழைக்குக் கால் புள்ளி வெட்டு என்று இருந்தது. 2016 மார்ச்சிலிருந்து நான்கு விடை, வெட்டு இல்லை. மூத்த பிள்ளைக்குச் சொன்ன புத்தியை இளைய பிள்ளைக்கும் அப்படியே சொல்லக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம். தாளின் முன்பக்கத்து அறிவுறுத்தலை முதலில் வாசிக்கப் பழக்குங்கள்.

இனிப் பெற்றோருக்கு. முன்னே சொன்ன 10 க்குத் திரும்புவோம்.

பிள்ளை 40 இல் 12 எடுத்துக்கொண்டு வந்தால், "30 சதவீதம், கொஞ்சம் தெரியும், கூட்டிப்போடலாம்" என்று நினைக்கிறோம். கண்ணை மூடித் தொட்டாலே 10 வரும் தாளில் 12 என்றால் பிள்ளைக்கு அநேகமாக ஒன்றும் விளங்கவில்லை என்று பொருள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் பத்துத் தாள் வாங்கிக் கொடுப்பது வீண். இருந்து ஆதியிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

40 இல் 22 எடுத்த பிள்ளைக்கு எவ்வளவு தெரியும்? எல்லா வினாக்களுக்கும் விடை போட்டிருந்தால், பிழை 18. நான்கு விடைத் தாளில் பிழைகளை 3 ஆல் பிரித்து, சரியானவற்றிலிருந்து கழியுங்கள்: 18 ஐ 3 ஆல் பிரிக்க 6, 22 இலிருந்து 6 போக 16. சரிபார்ப்போம்: 16 தெரியும், 24 தெரியாது, 24 இன் காற்பங்கு 6 தற்செயலாகச் சரி, 16 உம் 6 உம் 22. ஐந்து விடைத் தாளானால் 4 ஆல் பிரிக்க வேண்டும். கையில் 22 இருந்தாலும் அதில் 6 இரவல் புள்ளி. வங்கியில் மிகைப்பற்று எடுத்த காசைச் சொந்தக் காசு என்று ஐந்தொகையில் காட்டுகிற கம்பனியைப் போல, நாமும் பிள்ளையின் புள்ளியைப் பார்த்து ஏமாறுகிறோம்.

அந்த இரவல் 6 நிலையானதும் அல்ல. 24 வினாக்களைக் குருட்டுத்தனமாகத் தொட்டால் 4 முதல் 8 வரை சரிவருவது நான்கில் மூன்று தடவை. மிச்ச நேரங்களில் அதற்கும் வெளியே போகும். ஆகவே அதே அறிவுள்ள பிள்ளை ஒரு கிழமை 24 எடுக்கலாம், அடுத்த கிழமை 20 எடுக்கலாம். படிப்பில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? 24 வந்த கிழமை கடையில் சாப்பாடு. 20 வந்த கிழமை தொலைக்காட்சி நிறுத்தம், "போன கிழமை எடுத்தனிதானே, இந்தக் கிழமை என்ன நடந்தது?" என்று ஏச்சு. என்ன நடந்தது என்று பிள்ளைக்கும் தெரியாது. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் உண்மை. பத்து வயதுப் பிள்ளை தான் செய்யாத குற்றத்துக்குக் காரணம் தேடித் தேடி, கடைசியில் தான் மொக்கு என்று முடிவுகட்டுகிறது. சட்டன், கிங்ஸ்ரன், கென்ற் பக்கங்களில் கிரமர் பாடசாலைச் சோதனைக்காகப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யும் குடும்பங்களில் இதை நாம் திரும்பத் திரும்பக் காண்கிறோம். அன்னதான வரிசையில் நின்றுகொண்டு "உங்கடவருக்கு எத்தினை, எங்கடவளுக்கு எத்தினை" என்று இரண்டு மூன்று புள்ளியை ஒப்பிடுவதும் இவ்வகையே. எமது வீட்டிலும் இது நடந்ததுண்டு. பிறருக்கு மட்டும் சொல்வதாக எண்ண வேண்டாம்.

இதற்குச் சூத்திரத்தைவிட நல்ல வழி ஒன்றை வகுப்பில் நடைமுறைப்படுத்தி வருகிறோம். விடை போடும்போதே பிள்ளை வினா இலக்கத்தின் பக்கத்தில் ஓர் அடையாளம் இடவேண்டும். நிச்சயம் தெரிந்ததற்கு ஒன்றும் வேண்டாம். சிலவற்றை வெட்டிவிட்டு மிச்சத்தில் தொட்டதற்கு ஒரு புள்ளிக் குத்து. ஒன்றும் தெரியாமல் தொட்டதற்குச் சிறு வட்டம். திருத்தும்போது மூன்றையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். வட்டம் போட்டது சரிவந்தாலும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரவல் புள்ளிகள் கிடப்பது அங்கேதான். நிச்சயம் என்று போட்டது பிழைத்தால் அதுவே எல்லாவற்றிலும் முதலில் கவனிக்க வேண்டியது. ஏனென்றால் தெரியாது என்று தெரிந்த பிள்ளை கேட்கும், தெரியும் என்று நினைக்கிற பிள்ளை கேட்காது.

எமது மாணவிக்கு அவள் வெறுமையாக விட்ட 11 வினாக்களையும் திருப்பிக் கொடுத்து, விடை போட வேண்டாம், நிச்சயமாகப் பிழையானவற்றை மட்டும் வெட்டிக் காட்டு என்றோம். ஏழு வினாக்களில் இரண்டிரண்டாக வெட்டினாள், ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொன்னாள். நான்கில் ஒன்றையும் வெட்ட முடியவில்லை. ஏழின் பாதி மூன்றரை, நான்கின் கால் ஒன்று, மொத்தம் நாலரைப் புள்ளி. நாலரைப் புள்ளிக்கான அறிவைக் கையில் வைத்துக்கொண்டு பூச்சியத்தை எழுதித் தந்திருந்தாள்.

அவளுடைய அம்மம்மா சொன்னதைத் தட்டிவிட எமக்கு மனம் வரவில்லை. பிள்ளை பொய் சொல்லக் கூடாது என்று இந்த நாட்டிலும் சொல்லி வளர்க்கிற ஒருவர். ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை அவரோடு இருந்து கதைத்தோம். எமது தொழிலில் ஒரு வியாபாரியிடம் கடன்பட்ட நூறு பேரில் யார் திருப்பித் தரமாட்டார்கள் என்று எமக்குத் தெரியாது. அதற்காக அந்த இடத்தை வெறுமையாக விடுவதில்லை. பழைய வருடங்களைப் பார்த்து இவ்வளவு வராது என்று மதித்து, ஐயக்கடன் ஏற்பாடு என்று பெயர் போட்டே எழுதுகிறோம். மதிப்பீடு என்று சொல்லி எழுதினால் பொய் இல்லை. சோதனைத் தாளும் 'உனக்குத் தெரியுமா' என்று கேட்கவில்லை, 'இவற்றில் எது மிகவும் பொருத்தம்' என்றுதான் கேட்கிறது.

அவருக்கு ஐயக்கடன் பெரிதாகப் பிடிக்கவில்லை. நளன் கதையைச் சொன்னோம், அது பிடித்தது. பாரதத்தின் வன பருவத்தில், சூதாடி நாடிழந்த நளன் வாகுகன் என்ற பெயரில் இருதுபர்ண மன்னனுக்குத் தேரோட்டிக்கொண்டு போகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்ட மன்னன், அதன் கிளைகளில் உள்ள இலைகளும் காய்களும் இத்தனை என்று சொல்கிறான். நளன் நம்பாமல் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். சொன்னது சரியாக இருக்கிறது. அந்த எண்ணின் வித்தையையும் சூதின் வித்தையையும் மன்னனிடம் கற்று, பதிலுக்குக் குதிரை வித்தையைக் கொடுக்கிறான். அக்காலத்தில் தான்றிக்காயே சூதாடும் காய். ஐரோப்பாவில் பஸ்காலும் பெர்மாவும் சூதாட்டக் கேள்வி ஒன்றை வைத்துக் கடிதம் எழுதி இந்தக் கணிதத்தைத் தொடக்கியது 1654 இல். ஊகத்துக்கும் ஒரு வித்தை உண்டு என்ற எண்ணம் எமது கதைகளில் அதற்கு வெகு முன்னரே இருந்திருக்கிறது.

"அப்ப நளனும் படிச்சுப்போட்டுத்தானே திரும்பப் போய் ஆடினவன்" என்றார் அம்மம்மா. ஆமென்றோம். பேத்தி குத்தும் வட்டமும் போடுவதற்கு அனுமதி கிடைத்தது.

அக்கா 3 ஆம் தடவைக்கு நாள் எடுத்திருக்கிறார். ஞாயிறு பின்னேரங்களில் மண்டபத்தின் பின்னறையில் அந்தப் புத்தகத்தை வாசிக்கிறோம். அவரைப் போல இன்னும் மூன்று பேர் வருகிறார்கள். ஒவ்வொரு வினாவுக்கும் முதலில் விடையைச் சொல்ல விடுவதில்லை. எது பிழை, ஏன் பிழை என்றுதான் கேட்கிறோம். வர விரும்புவோர் வரலாம், கட்டணம் இல்லை, தேநீர் உண்டு.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: வாகனம் ஓட்டுவதற்கான எழுத்துச் சோதனையில் 50 வினாக்கள், 43 சரியாக வேண்டும். (2014 ஏப்ரல் வரை இதைத் தமிழ்க் குரலில் கேட்டுச் செய்ய வசதி இருந்தது, உங்கள் பெற்றோர் சிலர் அப்படித்தான் சித்தியடைந்தார்கள், கேட்டுப் பாருங்கள்.) ஒரு மாமாவுக்கு 40 நிச்சயமாகத் தெரியும். மிச்சம் 10 இலும் நான்கு விடைகளில் இரண்டை அவரால் வெட்ட முடிகிறது. அவர் சித்தியடைவதற்கான நிகழ்தகவு என்ன? ஒன்றையும் வெட்ட முடியாவிட்டால் என்ன? செய்கை வழியோடு எழுதி அடுத்த சனிக்கிழமை கொண்டு வரவும். வழி தெரியாதவர்கள் எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதை எழுதிக்கொண்டு வரவும். வெறும் தாள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.